உள்பேடு சொன்ன சாட்சி

பந்தல்குடியைச் சுற்றி மலை கிடையாது. அருப்புக்கோட்டைப் பக்கம் போனாலும் திருச்சுழிப் பக்கம் போனாலும், தெற்கே எட்டயபுரம் வரை இறங்கினாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல்தான். ஏற்றம் இறக்கம் என்று சொல்ல இருப்பவை நான்குவழிச் சாலையின் மேம்பாலங்கள். இந்தத் தரையில் ஓடும் கார் ஒன்று, வாங்கிய 14ஆம் மாதத்தில், 17,000 கிலோமீட்டரில், முன்சக்கர பிரேக் பேடு தகடு தெரியத் தேய்ந்து நின்றது. கார் என் மைத்துனருடையது. மிளகாய் வற்றல், உளுந்து வியாபாரம். வாரத்தில் ஓரிரு நாள் மதுரை, மற்ற நாளெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்கள். பேடு தேய்ந்ததில்கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. அதற்கு சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

பதில் மூன்று வந்தது. "பேடு தேயுற பார்ட் சார், வாரண்டில வராது" என்பது முதலாவது. அவர் விடாமல் நின்றதும், "நீங்க ஓட்டுற விதமும் இருக்குல்ல சார்" என்றார்கள். கடைசியாக ஜாப் கார்டில் முகவரியைப் பார்த்த சர்வீஸ் அட்வைசர், "பந்தல்குடியா? அங்க மைன்ஸ் தூசி சார், அதான்" என்று முடித்துவிட்டார்.

முதல் பதில் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. இரண்டாவதை எந்த ஓட்டுநராலும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. மூன்றாவது கேட்ட மாத்திரத்தில் சரியென்றே படும். இந்த ஊர்க்காரர்களே தலையாட்டுவார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் இது ஒரு மைத்துனரின் கதை இல்லை. கார் வாங்கி ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பேடு, கிளட்ச் என்று கையைக் கடித்த அனுபவம் கேட்டால், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேராவது கை தூக்குவார்கள்.

வாரண்டி புத்தகத்தை டெலிவரி அன்று எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தவர்கள், பெரும்பாலும் தகராறு வரும்போதுதான் வெளியே எடுக்கிறார்கள். இன்று பல கம்பெனிகள் தரும் வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்தியோ அது. நாட்டிலேயே அதிகம் கார் விற்கும் மாருதி சுசுகிகூட 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்று வைத்திருந்ததை 2024 ஜூலையில்தான் இந்த அளவுக்கு உயர்த்தியது. விளம்பரத்தில் வருவது இந்த எண்கள். உள்ளே போனால் 'வாரண்டியில் அடங்காதவை' என்று ஒரு பட்டியல். பிரேக் பேடு, பிரேக் ஷூ, கிளட்ச் டிஸ்க், வைப்பர் பிளேடு, ஃபில்டர், பல்ப், பெல்ட் என்று போகும். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மாறலாம்; பிரேக் பேடு மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு.

இந்தப் பட்டியலில் அநியாயம் ஒன்றும் இல்லை. பேடு தேய்ந்தால்தான் கார் நிற்கும். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பிடித்து, ஓட்டத்தை வெப்பமாக மாற்றி, தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதுதான் அதன் வேலை. சாதாரணமாக ஓட்டினால் முன்பேடு 30,000, 40,000 கிலோமீட்டர் தாண்டும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் காரில் அதற்கு மேலும் வரும். நகர நெரிசலில் குறையும். இதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பேற்க முடியாது.

ஆனால் அதே புத்தகத்தில், அந்தப் பட்டியலுக்கு முன்பக்கத்தில், இன்னொரு வாக்கியம் இருக்கிறது. தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ குறையுள்ள பாகத்தை இலவசமாகச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்பது அது. பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் அதில் அடங்கும். மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பூஸ்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் பொறிமுறை எல்லாம் பொதுவாக வாரண்டிக்குள்தான். ஆக, பேடு வாரண்டியில் வருமா வராதா என்று கவுண்டரில் நின்று மல்லுக்கட்டுவது தோற்கப்போகும் சண்டை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: பேடை இத்தனை சீக்கிரம் தேய்த்தது எது?

அதற்குப் பதில் பந்தல்குடி மெயின் ரோட்டோரம், தகரக் கொட்டகைப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. கழற்றிப் பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றக் கூடாது என்பது மைத்துனரின் நிபந்தனை. மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். வலது முன்சக்கரம் மூன்று நான்கு சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் 'சர்ர்' என்று உரசி நின்றுவிட்டது. "இங்கயே தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி" என்றான்.

சக்கரத்தை எடுத்து, காலிப்பரின் ஒரு போல்ட்டை விட்டு மேலே தூக்கி, இரண்டு பேடையும் உருவி சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வெளிப்பேடில் உராய்வுப் பகுதி பாதிக்கு மேல் இருந்தது. உள்பேடில் ஒன்றும் இல்லை. பின்தகடு டிஸ்க்கை அறுத்ததில், இரும்பில் விரல் வைத்தால் உணரக்கூடிய கோடுகள் விழுந்திருந்தன. பிறகு காலிப்பர் வழுக்கிப் போக வேண்டிய பின் இரண்டையும் அசைத்துக் காட்டினான். மேல் பின் விரலால் தள்ளினாலே போனது. கீழ்ப் பின் ஸ்பேனர் வைத்துத் தட்டியும் அசையவில்லை. ரப்பர் பூட் ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தது. உருவி எடுத்தபோது பின்னில் துரு; கிரீஸ் வைத்த தடம் மேல் பின்னில் பளபளவென்று தெரிந்தது, இதில் அப்படி ஒன்றைக் காணோம்.

"மாட்டும்போதே பூட் மடிஞ்சு மாட்டியிருக்கு அண்ணாச்சி. தண்ணி உள்ள போயிருச்சு. வலது பக்கத்தையும் சேத்து நாலு பேடையும் பாத்துருவோம்" என்றான். வலது பக்கத்தில் உள்ளும் வெளியும் ஏறக்குறைய சமமாக, பாதிக்குமேல் மிச்சம். செல்போனில் நான்கையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். வண்டி எண்ணும் ஓடோமீட்டரும் தெரியும்படி தனியாக இரண்டு படம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்; தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். நம் ஊர்ச் சாதாரணக் கார்களில் முன்சக்கரக் காலிப்பருக்கு ஒரே ஒரு பிஸ்டன்தான், அதுவும் உட்பக்கம். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் அந்த இரண்டு பின்கள் மேல் வழுக்கி உட்புறம் நகரும். அப்படி நகரும்போது வெளிப்பேடை இழுத்து டிஸ்க்கின் மறுபக்கம் பதிக்கும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வெளிப்பேடு பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்க, உள்பேடு தனியாளாக வேலை செய்து தேயும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்குத் தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல், அழுத்தும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழையபடி திரும்பும். அந்தத் திரும்பலில் கிடைக்கும் மயிரிழை இடைவெளிதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இருக்கும் மொத்த இடமும். இதில் எது ஒன்று சிக்கினாலும், பிரேக் போடாத நேரத்திலும் பேடு உரசிக்கொண்டே வரும்.

ஆகவே தேய்ந்த பேடுகளின் பாங்கைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். ஒரே சக்கரத்தில் உள்பேடு மட்டும் போயிருந்தால் பின் இறுக்கமோ, பிஸ்டன் திரும்பாததோ காரணம். ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் போய், மறுசக்கரம் நன்றாக இருந்தால், ஹோஸ் உள்ளே அடைத்து அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடு ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்து ஆப்பு போல் இருந்தால் அது பிராக்கெட்டில் சிக்கியிருக்கிறது. பின்சக்கர டிரம் ஷூ மட்டும் தீர்ந்திருந்தால் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்காமல் ஓட்டியிருப்பார், அல்லது கேபிள் இறுக்கம். நான்கு பேடும் ஒரே அளவில் சீராகத் தேய்ந்திருந்தால், அப்போது சர்வீஸ் அட்வைசர் சொன்ன இரண்டாவது பதிலைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

கேட்க வேண்டிய பதில்தான் அது. மதுரை தூத்துக்குடி நான்குவழிச் சாலை, இன்றைய எண் 38, நம் ஓட்டுநர்களின் வலது காலைக் கெடுத்து வைத்திருக்கிறது. எலியார்பத்தி டோல்கேட் தாண்டினால் 100க்குக் குறையாமல் ஓட்டுவது. விலக்கு வந்தால், குறுக்கே கிடை ஆடு வந்தால், போலீஸ் வைத்த இரும்புத் தடுப்பு வந்தால் கடைசி நேரத்தில் மிதிப்பது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கூடுகிறது. 60லிருந்து 30க்கு இறக்குவதைவிட 100லிருந்து 30க்கு இறக்குவதற்கு மூன்று மடங்குக்கும் மேல். முன்கூட்டியே காலை எடுத்து, கியரைக் குறைத்து வருகிறவருடைய பேடும், டோல்கேட் வரை பறந்துவந்து குத்தி நிறுத்துகிறவருடைய பேடும் ஒரே ஆயுள் ஓடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறியவர்களில் சிலர் இடது காலைச் சும்மா வைக்கத் தெரியாமல் பிரேக் பெடல் மேலேயே வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் கம்பெனி தலையில் கட்ட நியாயமில்லை.

ஆனால் ஓட்டும் விதம் இடது சக்கரத்தின் உள்பேடை மட்டும் தேடிப்போய்த் தேய்க்காது. பெடல் ஒன்றுதான். அதை எப்படி மிதித்தாலும் எண்ணெய் அழுத்தம் முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் போகும்.

தூசி விஷயத்துக்கு வருவோம். பந்தல்குடியில் ராம்கோ சிமென்ட் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. கல் விருதுநகர் அருகே ஆர்.ஆர். நகர் ஆலைக்குப் போகிறது. லாரி ஓடும் பாதையில் வெள்ளைத் தூசி உண்டு. கோடையில் கரிசல் புழுதியும் சேரும். அதனால் பிரேக் தேய்கிறது என்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் கல்லில் கடினம் மென்மை என்று ஒன்று இருக்கிறது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் 1 முதல் 10 வரை, வைரம் 10. சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருக்கும் கால்சைட் அதில் வெறும் 3, வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கீறும் வலு அதற்கு இல்லை. கீறக்கூடியது மணலில் இருக்கும் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. மணல் இல்லாத ரோடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வைத்திருப்பவரிடம் 'உங்க ஊர் மணல் சார், அதான்' என்று எந்த ஷோரூமாவது சொல்லுமா?

அதைவிட எளிய மறுப்பு ஒன்றும் உண்டு. தூசி நான்கு சக்கரத்துக்கும்தான் போகும். இடது சக்கரத்தில் உள்ளே நுழைந்தது வலது சக்கரத்துக்கு வழி தெரியாமல் திரும்பியிருக்காது. இன்னொன்று, இந்த நாட்டில் விற்கும் கார் இந்த நாட்டுப் புழுதியில் ஓடத்தான் செய்கிறது. பிரேக்கைத் தூசி கெடுக்கும் என்று கம்பெனிக்குத் தெரியுமானால், தூசிப் பகுதியில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும் என்று சர்வீஸ் அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும். சில கம்பெனிகள் கடினமான சூழலுக்கென்று தனி அட்டவணை போடுகின்றன. அப்படி இருந்து, முந்தைய சர்வீஸில் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், அது யார் கணக்கில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். பிரேக் விஷயத்தில் தமிழ்நாடு யாரிடமும் பாடம் கேட்கவேண்டிய இடத்தில் இல்லை. மதுரையில் பஸ் ஓட்டித் தொழில் வளர்த்த டி.வி.எஸ். குடும்பம், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962இல் தொடங்கியது பிரேக்ஸ் இந்தியா. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங் எல்லாம் சென்னையில் வளர்ந்த கம்பெனிகள். இந்தியச் சாலையில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் பேடும் லைனரும் இந்த மண்ணில் அச்சில் ஊற்றி, அழுத்தி, சுட்டு எடுத்தவை. இவ்வளவு கைப்பழக்கம் உள்ள ஊரில், பேடு ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு 'வேர் அண்ட் டேர்' என்ற ரெண்டு வார்த்தைக்கு மேல் பதில் வராதது எனக்கு ஆச்சரியம்.

பேடு சீக்கிரம் தேய்ந்தது என்பதை வைத்தே ஒரு பெரிய கம்பெனி பணம் கொடுத்த கதையும் உண்டு. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான ஹோண்டா அக்கார்டு காரிலும், 2009, 2010 அக்யூரா டி.எஸ்.எக்ஸ். காரிலும் பின்சக்கரப் பேடுகள் வேகமாகத் தேய்வதாகப் புகார் குவிந்தது. வண்டி நிற்கும்போது எடை முன்பக்கம் சாயும். அதனால் பொதுவாக முன்பேடுதான் முதலில் தேயும். அங்கே தலைகீழாக நடந்தது. பிரேக் விசையை முன்னும் பின்னும் பங்கிட்ட விதத்திலேயே தவறு என்று வாடிக்கையாளர்கள் கலிஃபோர்னியாவில் கூட்டு வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே கம்பெனி 2010இல் சமரசத்துக்கு வந்தது. புதிதாக வடிவமைத்த பேடு கொடுத்தார்கள். ஏற்கெனவே மாற்றியவர்களுக்குச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். அந்தக் கம்பெனியின் வாரண்டியிலும் பேடு தேயும் பாகம்தான். தனியாளாகக் கேட்டபோது எடுபடாத புகார், ஆயிரக்கணக்கானோர் ஒரே மாதிரித் தேய்ந்த பேடோடு நின்றபோது எடுபட்டது.

நம் சட்டத்திலும் அதற்கு வாசல் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரே குறை உள்ள பல பேருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு வழக்குத் தொடரலாம் என்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. கம்பெனிகள் தாமாகவே அழைப்பதும் உண்டு. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி வேகன்ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925ஐத் திரும்ப அழைத்தது. பின்சக்கர பிரேக்கில் ஒரு பின் உடைந்து சத்தம் வரலாம், நாளாவட்டத்தில் பிரேக்கின் திறனும் குறையலாம் என்பது காரணம். அவையெல்லாம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 3க்கும் செப்டம்பர் 1க்கும் இடையில் செய்தவை. ஒரு மாதத் தயாரிப்பில் ஒரு சின்னப் பின்னில் பிசகு வரும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிரேக்கில் வித்தியாசமான சத்தம், தேய்மானம் என்றால் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு, தன் வண்டி திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தனியாளாகவே போவதென்றால், விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் போக வேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். மாவட்ட நீதிமன்றம் போலவே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் அங்கேதான் உட்காருகிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ தேடிப்போக வேண்டியிருந்தது. மதுரையில் வாங்கிய காருக்கு மதுரைக்கு அலைந்தவர்கள் உண்டு. புதிய சட்டத்தில் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து வைப்பது நல்லது. பல கம்பெனிகள் அங்கிருந்து கேள்வி போனாலே இறங்கி வந்துவிடுகின்றன.

ஆணையத்தில் என்ன கேட்கலாம் என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். கோபத்தில் 'புதுக் கார் கொடு' என்று எழுதிவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் 2006இல், மாருதி உத்யோகுக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் நடந்த வழக்கில் அதைத் தெளிவாக்கிவிட்டது. வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கும்போது முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது. குறையுள்ள பாகத்தை மாற்ற வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு தரலாம். 2010இல் ஃபியட் கார் தொடர்பான அனந்தராம் வழக்கில், தயாரிப்பிலேயே குறை என்று சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் சொன்னால் மட்டும் விலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் செய்தி, வல்லுநர் அறிக்கை இல்லாமல் பெரிய கோரிக்கை நிற்காது.

அதேசமயம் வாங்கியவர் இன்ஜினியராக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் எதிர்பார்க்கவில்லை. ஹுண்டாய் கிரெட்டா விபத்தில் சிக்கி ஏர்பேக் விரியாத வழக்கில், 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு எனக்குப் பிடித்தமானது. மோதிய விசை போதவில்லை, அதனால் விரியவில்லை என்று கம்பெனி சொன்னது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணர் இல்லையே என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 'ஓட்டுற விதம் சார்' என்ற பதிலுக்கும் இந்த வரி ஓரளவு பொருந்தும் என்பது என் கருத்து. சோதனை செய்யாமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால், பாகத்தை எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. 38ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் அனுப்புவதற்குப் பாகம் வேண்டுமே? சர்வீஸ் சென்டரில் பேடு மாற்றியதும் பழையதைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்? பழைய பேடு குப்பைக் கூடைக்குப் போன நொடியில் வழக்கும் போய்விடுகிறது. காசு கொடுத்து மாற்றிய பேடு உங்களுடையது. எந்தச் சக்கரம், உள்ளா வெளியா என்று ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாரண்டியில் மாற்றும் பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்குப் படம் போதும். ஜாப் கார்டிலும் 'பிரேக் சத்தம்' என்று எழுத விடாதீர்கள். 'இடது முன்சக்கரம் சூடாகிறது, உள்பேடு மட்டும் தேய்ந்துள்ளது, காரணம் கண்டறியவும்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதே வாசகத்தை அங்கேயே நின்று மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டியதுதான்.

வெளிப் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியதற்கே வாரண்டி போச்சு என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த வழக்கில் இதுவும் ஒரு பொருள். வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று அது சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. ஆகவே அதை மட்டும் நம்பி வெளியில் பாகத்தை மாற்றிவிடாதீர்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

மைத்துனர் அப்படித்தான் செய்தார். படங்களைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போனோம். அட்வைசர் முதலில் பார்க்கவே தயங்கினார். பிறகு ஒர்க்ஸ் மேனேஜர் வந்து, லிஃப்டில் ஏற்றி, எங்களையும் கீழே கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு அதே பின்னைத் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தூசி, ஓட்டும் விதம் என்ற பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. இடது காலிப்பர் வாரண்டியில் மாற்றப்பட்டது. பேடுக்கும், கோடு விழுந்த டிஸ்க்குக்கும் பில்லில் பாதி தள்ளுபடி தருவதாகவும், அதை 'குட்வில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படியும் சொன்னார்கள்.

அந்தத் தாளின் கீழே பொடி எழுத்தில், இதற்குமேல் இது பற்றிக் கோரிக்கை ஏதும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "காலிப்பர் குறைன்னு நீங்களே மாத்திட்டீங்க. அது தின்ன பேடுக்கும் டிஸ்க்குக்கும் நான் ஏன் சார் பாதி குடுக்கணும்?" என்று கேட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் பதில். முழுப் பணத்தையும் கட்டி, ஆட்சேபத்தோடு கட்டுவதாக ரசீதிலேயே எழுதிவிட்டு, பழைய பேடு நான்கையும் டிஸ்க்கையும் மிளகாய்ச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். கம்பெனிக்கும் டீலருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை இரண்டும் திரும்பி வந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதானால் மிளகாய் சீசன் முடிந்த பிறகுதான் என்கிறார். சட்டம் அவருக்குத் தந்திருக்கும் 2 ஆண்டில் இன்னும் நிறைய மாதம் பாக்கி.